சைட்டுல எங்க நிக்கணும், எப்ப நிறுத்தணும்: எஸ்ஐ வேலைக்குப் புதுசா வர்ற தம்பி தங்கச்சிகளுக்கு

நம்ம மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைங்க ஜியாலஜி படிச்சு முடிச்சிட்டு, இல்லன்னா சிவில் டிப்ளோமா முடிச்சிட்டு, எஸ்ஐ (சைட் இன்வெஸ்டிகேஷன்) கம்பெனிகள்ல வேலைக்குச் சேர ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். என் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டின மண்ணுலயே நான் போர்ஹோல் போட்டு மண்ணு எடுத்திருக்கேன், அந்தப் பெருமை எனக்கு இன்னைக்கும் இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பிள்ளை ஃபோன் பண்ணி "அக்கா திங்கக்கிழமை முதல் சைட், என்ன எடுத்துட்டு போகணும்"னு கேக்கும்போது, கொண்டு போற சாமானை மட்டும் சொல்லிட்டு வைக்க மனசு வரமாட்டேங்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

எஸ்ஐன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். வீடோ பாலமோ ரோடோ கட்டுறதுக்கு முன்னாடி கீழ என்ன மண்ணு, எவ்வளவு ஆழத்துல பாறை, தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்குற வேலை. மெஷினால துளை போடுற போர்ஹோல், கையால சுத்தியலைத் தூக்கிப் போட்டு கம்பியை இறக்கிப் பாக்குற ஜேகேஆர் ப்ரோப், குழி தோண்டிப் பாக்குற டிரையல் பிட், சில நேரம் மலையடியிலயும் ஆத்தங்கரையிலயும் நடந்து மேப்பிங். இத்தனை வருஷத்துல நான் பாத்த விபத்து, மயிரிழையில தப்பிச்ச சம்பவம் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்தா ரெண்டு விஷயந்தான் திரும்பத் திரும்ப வருது. ஆள் நிக்கக் கூடாத இடத்துல நின்னிருப்பாங்க, இல்லன்னா நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்தாம இருந்திருப்பாங்க. ஹெல்மெட் போடாததால நடந்ததைவிட இதால நடந்ததுதான் அதிகம், அதனால கீழ வர்றதையெல்லாம் இந்த ரெண்டையும் மனசுல வச்சுப் படிங்க.

முதல் நாள் ராத்திரியே

சைட் வேலை காலையில தொடங்குறது இல்ல, முந்தின ராத்திரியே தொடங்கிடுது. போர்ஹோல் பாயிண்ட் எல்லாத்தையும் ஃபோன் மேப்புல ஏத்தி ஆஃப்லைன்ல சேமிச்சு வைங்க, ஏன்னா செம்பனைத் தோட்டத்துக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் போனாலே ஃபோன் லைன் போயிடும், அப்புறம் எல்லா நிரையும் ஒரே மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியாது. தோட்டத்து ஆபிஸ்ல அனுமதி கடிதம் இருக்கான்னு பாருங்க. கிராணி (தோட்டத்து கிளார்க்) கிட்டயோ மண்டோர் (மேஸ்திரி) கிட்டயோ ஃபோன் பண்ணி "நாளைக்கு எந்த பிளாக்ல பழம் வெட்டு, எந்த பிளாக்ல மருந்து அடிக்கிறீங்க"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியை ஆபிஸ்ல யாரும் சொல்லித் தரமாட்டாங்க, ஆனா தோட்டத்துல வளர்ந்த நமக்குத் தெரியும், மருந்து அடிச்ச நிரையில நாள் முழுக்க நின்னா உடம்பு என்ன ஆகும்னு. மண்டோர்கிட்ட மரியாதையா பேசி வைச்சீங்கன்னா அவரே "அந்தப் பக்கம் பழைய கிணறு இருக்குமா, லாலான் புல்லு மூடிக் கிடக்கு, பாத்துப் போ"ன்னு சொல்லுவாரு. அது எந்த மேப்புலயும் இருக்காது.

வீட்டுல ஒருத்தர்கிட்டயும் ஆபிஸ்ல ஒருத்தர்கிட்டயும் எங்க போறேன், எந்த ரோடு வழியா உள்ள நுழையுறேன், எத்தனை மணிக்கு வெளிய வந்து மெசேஜ் போடுவேன்னு சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு மேல ஒரு மணி நேரம் ஆகியும் சத்தம் இல்லன்னா அவங்க என்ன செய்யணும், யாரைக் கூப்பிடணும்னும் சேர்த்துச் சொல்லிடுங்க, இல்லன்னா அவங்க "லைன் இல்ல போல"ன்னு விட்டுடுவாங்க. எங்க அம்மா ஒரு பழைய நோட்டுல என் சைட் பேரும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜ் மேல வைப்பாங்க, அந்த நோட்டு இன்னும் இருக்கு.

அவசர நம்பர் 999, ஆம்புலன்ஸ், போலிஸ், பொம்பா (தீயணைப்பு) எல்லாத்துக்கும் அதுதான். ஆனா ஆம்புலன்ஸ்காரருக்கு "செம்பனைத் தோட்டம், பிளாக் 12"ன்னு சொன்னா அவரு எப்படி வருவாரு? மெயின் ரோட்டுல எந்த சந்திப்புல ஆளை நிறுத்தி வழி காட்டுறதுன்னு காலையிலயே முடிவு பண்ணிடுங்க. நம்ம ஊரு அரசாங்க ஹாஸ்பிட்டல் பக்கத்துல இருக்கு, பெரிய அடின்னா ஈப்போ பைனுன் ஹாஸ்பிட்டலுக்குத்தான் அனுப்புவாங்க.

கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபி குடுக்கிற கிரீன் கார்டு இல்லாம கட்டுமான சைட்டுக்குள்ள போகாதீங்க. அதுக்கான ஒரு நாள் கோர்ஸை முடிச்சிட்டு வாங்க.

உடுப்பும் பையும்

முழுக்கை சட்டை, நீளக் கால்சட்டை, இரும்பு மூக்கு வச்ச பூட்ஸ், ஹெல்மெட், வெஸ்ட். செம்பனை முள்ளு சாதாரண ஷூவைக் குத்திட்டு உள்ள வந்துடும், அதனால அடிப்பகுதியிலயும் தகடு இருக்கிற பூட்ஸா பாத்து வாங்குங்க. பொண்ணுங்க துப்பட்டா, தூடோங் (தலைத்துணி), நீள முடி எதுவா இருந்தாலும் சட்டைக்குள்ள போயிருக்கணும், வெளிய தொங்கக் கூடாது, ஏன்னு ரிக் (துளை போடுற மெஷின்) பக்கம் வரும்போது சொல்றேன். தாயத்துக் கயிறு, மோதிரம், வளையல் எல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சிடுங்க.

தண்ணி ஒரு ஆளுக்கு 3 லிட்டராவது வேணும். இருபது நிமிஷத்துக்கு ஒரு கப் குடிங்க, தாகம் எடுத்தா குடிக்கலாம்னு இருக்காதீங்க. ஒண்ணுக்குப் போறது தெ ஓ (பால் சேர்க்காத டீ) கலர்ல இருந்தா நீங்க ஏற்கனவே காஞ்சு போய்ட்டீங்கன்னு அர்த்தம். பொண்ணுங்க நிறைய பேர் பாத்ரூம் இல்லன்னு தண்ணியே குடிக்கமாட்டாங்க, நானும் அப்படி இருந்து ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கேன். முதல் நாளே சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியில தோட்டத்து ஆபிஸுக்கோ பெட்ரோல் ஸ்டேஷனுக்கோ கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. தனியா நிரைக்குள்ள ஒதுங்காதீங்க.

தோட்டத்துக்குள்ள நுழையும்போது

மழை பேஞ்ச மறுநாள் செம்மண் ரோட்டுல ஹைலக்ஸே வழுக்கும், மோட்டார்ல போறதை விட்டுடுங்க. பழம் வெட்டுறவங்க வேலை செய்ற நிரைக்குள்ள குறுக்க நடக்காதீங்க, ஒரு குலை 20, 25 கிலோ இருக்கும், அது மேலேர்ந்து வந்தா ஹெல்மெட் ஒண்ணும் பண்ண முடியாது, கூடவே மட்டையும் விழும். அவங்க கையில இருக்கிற அலுமினியக் கழியைப் பாருங்க, அது கரெண்ட் கம்பி கிட்ட போய் ஆள் போன சம்பவம் நம்ம நாட்டுல எத்தனையோ நடந்திருக்கு. இதை ஏன் சொல்றேன்னா, நம்ம ரிக்கோட மாஸ்ட்டும் (நிமுத்துற கம்பம்) டிரைபாடும் (முக்காலி) அந்தக் கழி மாதிரியேதான், இன்னும் உயரமான இரும்பு.

ரிக்கை நிறுத்துறதுக்கு முன்னாடி

பாயிண்ட்ல போய் நின்னதும் ரிக்கை இறக்கச் சொல்லாதீங்க. முதல்ல தலையைத் தூக்கி மேல பாருங்க. கரெண்ட் கம்பி இருக்கா? மாஸ்ட்டை நிமுத்தினா எவ்வளவு உயரம், சாஞ்சு விழுந்தா எவ்வளவு தூரம் போகும்? ஹை டென்ஷன் கம்பியில தொடவே வேண்டியதில்ல, கிட்ட போனாலே கரெண்ட் தாவும். சந்தேகம் இருந்தா பாயிண்ட்டை மாத்தச் சொல்லி இன்ஜினியர்கிட்ட கேளுங்க, கரெண்ட் கம்பெனி டிஎன்பிகிட்ட தூரம் கேட்டு எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் வேலை பண்ணுங்க. ஒருவேளை மாஸ்ட் கம்பியில பட்டுடுச்சுன்னா வெளிய நிக்கிறவங்க யாரும் ரிக்கைத் தொட ஓடக் கூடாது. வண்டியில இருக்கிறவர் அங்கயே இருக்கட்டும். தீப்பிடிச்சு இறங்கியே ஆகணும்னா ரெண்டு காலையும் சேர்த்துக் குதிக்கணும், கை ரிக்கையும் கால் மண்ணையும் ஒரே நேரத்துல தொடக் கூடாது, அப்புறம் காலைத் தூக்காம தேய்ச்சுத் தேய்ச்சு விலகிப் போகணும்.

அடுத்து கீழ பாருங்க. கேபிள், தண்ணிக் குழாய், கேஸ் லைன். பூமிக்கடியில ஓடுற லைன்களோட தகவலை நில அளவைத் துறையான ஜூப்பெம் சேர்த்து வச்சிருக்காங்க, கம்பெனி அதை வாங்கியிருக்கணும், ஆனா மேப்புல இல்லாத லைன் நிறைய இருக்கு, முக்கியமா பழைய தோட்டங்கள்ல தொழிலாளர் லயத்துக்குப் போன தண்ணிக் குழாயெல்லாம் யாரு வரைஞ்சு வச்சாங்க. அதனால மேப்பு சுத்தமா இருந்தாலும் முதல் 1.5 மீட்டரை மண்வெட்டியால கையிலயே தோண்டச் சொல்லுங்க. தோண்டும்போது ஒரு விஷயத்தைக் கவனிங்க: தோட்டத்து செம்மண்ணுக்கு நடுவுல திடீர்னு சுத்தமான ஆத்து மணல் வந்தா, இல்ல செங்கல் வரிசையா, பிளாஸ்டிக் டேப்பா வந்தா, உடனே நிறுத்துங்க. மணல் தானா அங்க வந்து உக்காராது, யாரோ கேபிளைப் போட்டுட்டு அதைச் சுத்தி மணல் நிரப்பியிருக்காங்க. நான் இதை ரெண்டு தடவை பாத்திருக்கேன், ரெண்டு தடவையும் மணலுக்குக் கீழ ஒரு சாண்ல கேபிள் இருந்துச்சு.

ரிக்கை மேட்டுக்கு இழுக்கும்போது செம்பனை மரத்துல கம்பிக் கயிறைக் கட்டி வின்ச்சால இழுப்பாங்க. அந்தக் கயிறு போற நேர்கோட்டுல நிக்காதீங்க, கயிறைத் தாண்டாதீங்க, கயிறு மரத்துல வளையுற உள்பக்கமும் வேண்டாம். அறுந்தா அது சாட்டை மாதிரி வரும், கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டுந்தான் கேக்கும். மரத்தையும் ஒரு தடவை தட்டிப் பாருங்க, பழைய செம்பனை உள்ள அழுகிப்போய் வெறும் ஓடா நிக்கும்.

ரிக் ஓடும்போது

உங்க வேலை பாக்குறது, அளக்குறது, எழுதுறது. ரிக்கைத் தொடுறது உங்க வேலை இல்ல. டிரில்லர் உங்க முகத்தைப் பாக்கிற இடத்துல நில்லுங்க, அவருக்கு முதுகுப் பக்கம் நின்னா நீங்க அங்க இருக்கிறதே அவருக்குத் தெரியாது. நான் போனதும் ஒரு குச்சியால மண்ணுல கோடு போடுவேன், ரிக் ஓடும்போது அந்தக் கோட்டுக்குள்ள டிரில்லரும் ஹெல்பரும் மட்டும். என்னை முதல்ல "தங்கச்சிக்கு பயம்"னு சொன்ன அண்ணன்மாருங்க கொஞ்ச நாள்ல அவங்களே கோடு போட ஆரம்பிச்சிட்டாங்க.

சுத்துற ராட்ல (துளைக்குள்ள இறங்குற இரும்புக் கம்பி) துணி மாட்டினா அது துணியை மட்டும் இழுக்காது, ஆளையே இழுக்கும், ஸ்டாப் பட்டன் வரைக்கும் கை போறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்குத்தான் துப்பட்டாவும் முடியும் உள்ள இருக்கணும்னு சொன்னேன். தொளதொளன்னு இருக்கிற கிளவுஸும் அதே மாதிரிதான். காலையில ரிக் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எமர்ஜென்சி ஸ்டாப் வேலை செய்யுதான்னு டிரில்லரை ஒரு தடவை அமுக்கிக் காட்டச் சொல்லுங்க. நிறைய பழைய ரிக்ல அந்தப் பட்டன் பேருக்குத்தான் இருக்கும், அப்படி இருந்தா வேலை தொடங்கக் கூடாது.

எஸ்பிடி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், மண்ணு எவ்வளவு கெட்டின்னு ராட்டை அடிச்சு இறக்கிப் பாக்குற சோதனை அது. 63.5 கிலோ எடை (அதுதான் ஹேமர்), 760 மில்லிமீட்டர் உயரத்துலேர்ந்து விழுது, 450 மில்லிமீட்டர் இறங்குற வரைக்கும் அடிச்சு கடைசி 300க்கு எத்தனை அடின்னு எண்ணுறோம். எண்ணுறது நீங்க, அதனால கண்ணு ராட்ல போட்ட சாக்பீஸ் கோட்டுலயே இருக்கும், கால் தன்னால கிட்ட கிட்ட நகரும். எனக்கும் அப்படித்தான் நகரும், அதனால எண்ணத் தொடங்குறதுக்கு முன்னாடி கால் எங்கன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்குவேன்.

என் முதல் வருஷத்துல ஒரு சைட்ல, கம்பெனி பேர் வேண்டாம், சாயங்காலம் அஞ்சரை மணி, அன்னைக்குக் கடைசி எஸ்பிடி. ராட் ஜாயிண்ட் லூசா இருக்குன்னு ஹெல்பர் தம்பி கையால பிடிச்சுத் திருகப் போனாரு, ஊருல பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு வந்த நேப்பாளத் தம்பி. மேல ஹேமர் தூக்கின நிலையில நிக்குது. ஹேமரைத் தூக்குற கயிறு கேட்ஹெட்ல (கயிறைச் சுத்தி இழுக்கிற உருளை) வழுக்கிடுச்சு. ஒரே அடி. கிளவுஸைக் கழட்டாம அப்படியே ஹாஸ்பிட்டல் கொண்டு போனோம், ரெண்டு விரல் போச்சு. நான் அப்ப ஹேமர் மேல இருந்ததைப் பாத்தேன், அவர் கை போறதையும் பாத்தேன், "நில்லுங்க"ன்னு சொல்ல வாய் வரல, ஏன்னா நான் புதுசு, அவங்க பழையவங்க, அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன். அதனால உங்ககிட்ட கேட்டுக்கிறேன்: ஹேமர் கீழ இறங்கி உக்காந்த பிறகுதான் யார் கையும் ராட் கிட்ட போகணும், போனா கத்துங்க, தப்பா இருந்தாலும் பரவால்ல. ஜேகேஆர் ப்ரோப்புல சுத்தியல் 5 கிலோதானேன்னு விளையாட்டா எடுத்துக்காதீங்க. 280 மில்லிமீட்டர்லேர்ந்து நூறு தடவை, இருநூறு தடவை கையால தூக்கிப் போடும்போது சோர்வுல விரல் அடியில மாட்டும், நான் பாத்த நசுங்கின விரல்ல பாதி ப்ரோப்புல நசுங்கினதுதான்.

தண்ணி திரும்பலன்னா

கிந்தா பள்ளத்தாக்குல வேலை பாக்குறவங்களுக்கு இந்தப் பகுதிதான் ரொம்ப முக்கியம். ஈப்போ, கம்பார், நம்ம பக்கம் வரைக்கும் நிறைய இடத்துல மண்ணுக்கும் பழைய ஈயச் சுரங்கத்து மணலுக்கும் கீழ சுண்ணாம்புப் பாறை. அது மேல தட்டையா இருக்காது, ஊசி ஊசியா ஏறி இறங்கும், உள்ள குகையும் பொந்தும் இருக்கும். மழைத்தண்ணி லட்சக்கணக்கான வருஷமா அதைக் கரைச்சுக்கிட்டே இருக்கு.

வாஷ் போரிங்ல (தண்ணியால கழுவித் துளை போடுறது) ராட் வழியா தண்ணியை உள்ள அனுப்புறோம், அது மண்ணைக் கழுவிக்கிட்டு கேசிங் (துளை சரியாம இறக்குற இரும்புக் குழாய்) வழியா மேல வந்து தொட்டிக்குத் திரும்புது. அந்தத் திரும்பி வர்ற தண்ணிதான் கீழ என்ன நடக்குதுன்னு நமக்குச் சொல்ற ஒரே வாய். நான் எப்பவும் தொட்டி ஓரமா நிப்பேன், பென்சிலை வச்சு தொட்டியோட உள்பக்கம் தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டு வைப்பேன். செங்காவி நிறத்துல வந்துட்டு இருக்கும், சில நேரம் வெளிர் சாம்பலா மாறும், கையில எடுத்துத் தேச்சா மாவு மாதிரி இருக்கும். அப்ப பாறை கிட்ட வந்துட்டோம்.

ஒரு தடவை ஒரு மலையடி சைட்ல 14 மீட்டர்ல இருந்தோம். தொட்டியில தண்ணி சலசலன்னு விழுந்துட்டு இருந்தது மெதுவா நூல் மாதிரி ஆச்சு, அப்புறம் சொட்டாச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல. பம்பு ஓடுது, தொட்டியில என் பென்சில் கோடு ஒரு கை உயரத்துக்கு மேல தனியா நிக்குது. டிரில்லர் அண்ணே லீவரைப் பிடிச்ச கையை அசைக்காம தலையை மட்டும் திருப்பி, "தங்கச்சி, தண்ணி திரும்பல"ன்னாரு. அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ராட் தானா ஒரு முழம் கீழ இறங்கிச்சு, டொக்குனு நின்னுச்சு. அவர் இன்ஜினை அணைச்சிட்டு, ஹெல்பரைக் கூப்பிட்டு, எல்லாரையும் லோரிப் பக்கம் நடக்கச் சொல்லிட்டாரு. ஆபிஸ்லேர்ந்து ஃபோன்ல "கேசிங் இன்னும் இறக்கி தண்ணியை ஏத்துங்க, இன்னைக்கே முடிக்கணும்"னு சொன்னாங்க. அண்ணே ஃபோனை என் கையில குடுத்துட்டு, "நான் இன்னைக்கு அதுல ஏறமாட்டேன், நீ சொல்லிடு"ன்னாரு. சொன்னேன், திட்டு வாங்கினேன். மறுநாள் காலையில வந்து பாத்தா தண்ணித் தொட்டி வச்சிருந்த இடமே இல்ல, ஒரு கார் போற அளவுக்குப் பள்ளம், தொட்டி உள்ள சாஞ்சு கெடக்கு. நான் எப்பவும் நிக்கிற இடம் அது.

அதனால தண்ணி திரும்பலன்னா, இல்ல ராட் தானா இறங்குச்சுன்னா இன்ஜினையும் பம்பையும் நிறுத்துங்க, ஏன்னா பம்பு பண்ற தண்ணியே கீழ மண்ணைக் கழுவிக்கிட்டு பொந்துக்குள்ள கொண்டு போகும், மேல இருக்கிற மண்ணு தாங்க ஆள் இல்லாம நிக்கும். எல்லாரும் விலகணும். அப்புறம் தூரத்துலேர்ந்து சுத்திப் பாருங்க: ரிக்கைச் சுத்தி வளையமா வெடிப்பு இருக்கா, டிரைபாட் கால்ல ஒண்ணு மட்டும் புதைஞ்சிருக்கா, கேசிங் சாஞ்சிருக்கா, பக்கத்துக் குட்டையில தண்ணி திடீர்னு கொறைஞ்சிருக்கா. ஆழத்தையும் நேரத்தையும் போர்லாக்ல (போர்ஹோல் பதிவேடு) எழுதுங்க. தண்ணி போனதும் ராட் விழுந்ததும் ஒரு பெரிய தகவல், அதைச் சொல்லத்தான் உங்களை அங்க அனுப்பினாங்க. இன்ஜினியர் வந்து பாத்து எழுத்துல சொல்ற வரைக்கும் திரும்ப ஏறாதீங்க.

ஈயச் சுரங்கம் விட்டுட்டுப் போன பழைய குட்டைப் பக்கம் வேலைன்னா இன்னொண்ணு. மேல காஞ்சு வெடிச்ச தரை மாதிரி தெரியும், அடியில கஞ்சி மாதிரி சேறு. ஒரு நீளக் கம்பியால குத்திப் பாத்துட்டு கால் வைங்க, தனியாப் போகாதீங்க. குட்டை ஓரத்து மணல் கரை செங்குத்தா நிக்கும், அதோட விளிம்புல நிக்காதீங்க.

டிரையல் பிட்

குழிக்குள்ள இறங்காதீங்க. நெஞ்சளவுக்கு மேல போன குழியில முட்டுக் குடுக்காம யார் சொன்னாலும் இறங்காதீங்க. ஒரு கன மீட்டர் மண்ணு கிட்டத்தட்ட 1.8 டன், ஒரு மைவி காரைவிட ரொம்ப எடை. அது இடுப்பு வரைக்கும் மூடினாலே நாம தானா வெளிய வர முடியாது, நெஞ்சு வரைக்கும் மூடினா மூச்சு விட முடியாது. சுவர் நேரா, சுத்தமா நிக்குதேன்னு நம்பாதீங்க, காலையில நின்ன சுவர் மதியம் வெயில்ல காஞ்சு சரியும். சாம்பிள் வேணும்னா எக்ஸ்கவேட்டர் பக்கெட்ல எடுத்து மேல கொண்டு வரச் சொல்லுங்க, அதுலேர்ந்து எடுங்க, ஃபோட்டோவை மேலேர்ந்தே அளவுகோல் தொங்கவிட்டு எடுக்கலாம். தோண்டின மண்ணைக் குழி ஓரத்துலேர்ந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டணும். எக்ஸ்கவேட்டர் கை சுத்துற வட்டத்துக்குள்ள போகணும்னா ஆபரேட்டர் கண்ணைப் பாத்து, அவர் பக்கெட்டைத் தரையில வச்ச பிறகுதான்.

மலையடி, ஆறு, இடி

பாறையைச் சுத்தியல்ல தட்டும்போது கண்ணுக்குக் காகல்ஸ் போடுங்க, சுத்தியலால சுத்தியலை அடிக்காதீங்க, இரும்புச் சில்லு தெறிச்சா கண்ணு போயிடும். சுண்ணாம்பு மலையடியில வேலைன்னா மேல தொங்குற பாறையைப் பாருங்க, கீழ புதுசா விழுந்த வெள்ளைக் கல்லு இருக்கான்னு பாருங்க, இருந்தா அங்க சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காதீங்க. தைப்பூசத்துக்கு நாம காவடி எடுத்துட்டுப் போற ஈப்போ கல்லுமலை, குனோங் செரோ, அந்த மலையிலேர்ந்துதான் 1973 அக்டோபர்ல பாறை பிரிஞ்சு அடியில இருந்த நீளவீட்டு மேல விழுந்து 40 பேர் வரைக்கும் செத்துப் போனாங்க. அந்தக் கோயிலுக்குப் போறப்பெல்லாம் நான் அண்ணாந்து பாத்துட்டுத்தான் கும்பிடுவேன்.

ஆத்துல இறங்கி வேலை செய்றவங்களுக்கு கெபாலா ஆயிர், அதாவது திடீர்னு வர்ற ஆத்து வெள்ளம், தெரிஞ்சிருக்கணும். உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேல மலையில மழை பேஞ்சிருக்கும், தண்ணி ஒரு சுவரா வரும். தெளிஞ்ச தண்ணி கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் ஒட்டுமொத்தமா மிதந்து வந்தாலோ, மேலேர்ந்து லோரி வர்ற மாதிரி இரைச்சல் கேட்டாலோ, சாமானை எடுக்க நிக்காம பக்கவாட்டுல மேட்டுக்கு ஏறுங்க, ஆத்தோட போக்குல ஓடாதீங்க. 1996 ஆகஸ்ட் 29ல கம்பார் பக்கத்துல போஸ் டிப்பாங்ல சேறும் மரமும் ஆத்தோட வந்து 44 பேரைக் கொண்டு போச்சு. 2022 டிசம்பர் 16 விடியக்காலையில பத்தாங் காலியில சரிவு இறங்கினப்ப 31 பேர் போனாங்க, பெரும்பாலும் கேம்ப் போட்டுத் தூங்கிட்டு இருந்தவங்க. சரிவுல புது வெடிப்பு, சாஞ்ச மரம், நேத்து இல்லாத ஊத்து, இதெல்லாம் பாத்தா அன்னைக்கு அங்க வேலை இல்ல.

இடி நம்ம நாட்டுல மதியத்துக்கு மேல வரும், ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல கிட்டத்தட்ட தினமும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 எண்ணுறதுக்குள்ள சத்தம் வந்தா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, வேலையை நிறுத்துங்க. ரிக்கோட மாஸ்ட் அந்தச் சுத்துவட்டாரத்துலயே உயரமான இரும்பு, அதுகிட்டயும் வேண்டாம், செம்பனை மரத்தடியும் கூடாரமும் வேண்டாம். வண்டிக்குள்ள ஏறி கண்ணாடியை ஏத்திட்டு உக்காருங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகு இறங்குங்க.

பாம்பு, குளவி, மண்ணுல இருக்கிற கிருமி

செம்பனைத் தோட்டத்துல எலி இருக்கும், எலி இருந்தா நாகம் இருக்கும். வெட்டிப்போட்ட மட்டைக் குவியல்ல கையை விடாதீங்க, காலும் வைக்காதீங்க. கடிச்சிட்டா வெட்டுறது, உறியுறது, இறுக்கிக் கட்டுறது எதுவும் வேண்டாம், மோதிரம் செருப்பைக் கழட்டி, அந்தக் கையையோ காலையோ அசைக்காம வச்சு நேரா ஹாஸ்பிட்டல், நாட்டு வைத்தியர்கிட்ட நின்னு நேரத்தை விடாதீங்க. பாம்பைப் பிடிக்கவும் வேண்டாம், தூரத்துலேர்ந்து ஒரு ஃபோட்டோ போதும். கண்ணுல விஷம் துப்பினா நிறையத் தண்ணியால விடாம கழுவிக்கிட்டே போங்க. குளவிக் கூடு தெரிஞ்சா அந்த பாயிண்ட்டை அப்படியே விட்டுட்டு பொம்பாவைக் கூப்பிடுங்க, ரிக் அதிர்வுக்கே அது கிளம்பிடும்.

எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்ற காய்ச்சல் எல்லாருக்கும் தெரியும், ஆனா மெலியாய்டோசிஸ் நிறைய பேருக்குத் தெரியாது. ஈர மண்ணுலயும் சேத்துலயும் இருக்கிற ஒரு கிருமி, கையில கால்ல இருக்கிற சின்னக் காயம் வழியா உள்ள போகும். சக்கரை வியாதி இருக்கிறவங்களை இது ரொம்ப மோசமா பிடிக்கும், நம்ம ஆளுங்கள்ல சக்கரை எவ்வளவு பேருக்கு இருக்குன்னு நான் சொல்லத் தேவையில்ல. காயத்தை மூடிட்டு வேலை செய்யுங்க, கிளவுஸும் பூட்ஸும் போடாம சேத்துல கை வைக்காதீங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவுங்க. அப்புறம் எப்பவாவது காய்ச்சல் வந்து கிளினிக் போனா, டாக்டர் கேக்காட்டியும், "நான் மண்ணுலயும் தண்ணியிலயும் வேலை செய்றேன்"னு நீங்களா சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் அவர் சரியான ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவாரு.

நிறுத்துன்னு சொல்றது

புதுசா வந்த பிள்ளைக்கு இதுதான் கஷ்டம். ஆபிஸ்ல மீட்டர் கணக்குக் கேப்பாங்க, டிரில்லருக்கு மீட்டருக்கு இவ்வளவுன்னு காசு, நீங்க நிறுத்தினா அவர் சம்பளம் கொறையும், எனக்கு அது நல்லாத் தெரியும். ஆனா சட்டம் உங்க பக்கம் இருக்கு. 1994 ஓஷா (தொழில் பாதுகாப்பு, சுகாதார) சட்டம், ஆக்டா 514, அதுல வந்த திருத்தம் 2024 ஜூன் 1லேர்ந்து அமல்ல இருக்கு. உடனடி ஆபத்து இருக்குன்னு உங்களுக்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைச் சரி பண்ணலன்னா, அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை இருக்கு, அதுக்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. 26ஏ பிரிவு, ஃபோன்ல சேமிச்சு வைங்க.

சண்டை போட வேண்டாம். "அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, எனக்கு இது சரியா படல, நீங்களும் வந்து பாருங்க"ன்னு டிரில்லரைக் கூப்பிடுங்க, பெரும்பாலும் அவரும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு, யாராவது முதல்ல சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருப்பாரு. அப்புறம் ஃபோட்டோ எடுத்து, நேரம் போட்டு, மேல இருக்கிறவருக்கு வாட்ஸ்அப்ல எழுத்துல அனுப்புங்க, வாய்ல மட்டும் சொல்லாதீங்க. திட்டுவாங்க. திட்டினா திட்டட்டும், நீங்க அனுப்பினது எழுத்துல இருக்கு.

சாயங்காலம்

அஞ்சு மணிக்கு மேல "இன்னும் ஒரே ஒரு எஸ்பிடி"ன்னு யாராவது சொன்னா நாளைக்குன்னு சொல்லுங்க. அந்த நேப்பாளத் தம்பியோட விரல் போனது அந்த நேரத்துலதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி போர்ஹோல் வாயை மூடுங்க. வேலை முடிஞ்ச குழியை முழுசா நிரப்பி மேல தட்டிடணும், நாளைக்குத் தொடர்ற குழின்னா கேசிங் மேல மூடி போட்டு சுத்தி டேப் கட்டணும். டிரையல் பிட்டை ராத்திரி திறந்து வைக்கக் கூடாது, அன்னைக்கே மூடிடணும். தோட்டத்துல பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு குறுக்கு வழியா வரும், மாடு மேயும், பாட்டிமாருங்க கீரை பறிக்க வருவாங்க. ஒரு தடவை நாங்க கட்டின டேப்பை ஒரு சின்னப் பையன் பட்டத்துக்கு வாலா கட்டிட்டுப் போய்ட்டான், அதுலேர்ந்து டேப் மட்டும் கட்டுறது இல்ல, குறுக்க ரெண்டு செம்பனை மட்டையைப் போட்டு மண்ணைத் தள்ளி வச்சிட்டுத்தான் வருவேன். மண்டோர்கிட்ட எந்த நிரையில குழி இருக்குன்னு சொல்லிட்டு, ஆளை எண்ணி வண்டியில ஏத்திட்டு, மெயின் ரோட்டுல லைன் வந்ததும் வண்டியை ஓரமா நிறுத்தி வீட்டுக்கு மெசேஜ் போடுங்க. எங்க அம்மா அந்த நோட்டுல நேரத்தை எழுதிட்டுத்தான் உலை வைப்பாங்க.